ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ரைட்டிங்: நன்றிக் கடிதம் வந்தால்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஜெனரல் பிரிவு எழுதியிருந்தேன், ரிசல்ட் வந்துவிட்டது. லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 7. கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும், சிஎல்பி 9, அதாவது கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் ஒன்பதாம் நிலை, கைக்கு வந்தாயிற்று. போன முறை ரைட்டிங் 6.5-இல் நின்றுவிட்டது. அந்த அரை பேண்டுக்காக மறுபடி முழுத் தேர்வு, முழுக் கட்டணம், மறுபடி சென்னைப் பயணம். அந்தக் கடுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. எழுத்தில் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைட்டிங்கில் டாஸ்க் 1 கடிதம், டாஸ்க் 2 கட்டுரை. கட்டுரையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு டாஸ்க் 1-இல் நன்றிக் கடிதம் வந்தது, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டுரைக்கு இரண்டு மடங்கு எடை என்பது உண்மைதான். ஆனால் கட்டுரையை அரை பேண்ட் ஏற்றுவது மாதக்கணக்கில் ஆகிற வேலை. கடிதத்தைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

புகார்க் கடிதம் எழுத விஷயம் தானாக வரும். நன்றிக் கடிதம் அப்படியில்லை. 'தேங்க் யூ' சொல்லி முடித்ததும் பேனா நின்றுவிடும், 150 சொல்லுக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி இருக்கும். உடனே ஊதிப் பெருக்கத் தொடங்குவார்கள். புதுச்சேரியில் நான் போன கோச்சிங் வகுப்பில் இதற்கென்றே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்: 'ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் டு எக்ஸ்பிரஸ் மை சின்சியர் அண்ட் ஹார்ட்ஃபெல்ட் கிராட்டிட்யூட் ஃப்ரம் தி பாட்டம் ஆஃப் மை ஹார்ட்.' ஒரே வாக்கியத்தில் ஹார்ட் இரண்டு முறை. நண்பனுக்கும் இதுதான், பேங்க் மேனேஜருக்கும் இதுதான். நம் ஊர் விழா மேடையில் 'அவர்களே, அவர்களே' என்று விளிப்பதிலேயே பாதி நேரம் போகுமே, அந்த மாதிரி. தேர்வாளர் ஒரு நாளில் எத்தனை கடிதம் படிப்பாரோ, இந்த மாதிரி வாக்கியத்தை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு விஷயம். கடிதத்தில் இரண்டே இடத்தில் நன்றி சொல்லுங்கள், முதல் பத்தியில் ஒன்று, கடைசியில் ஒன்று. நடுவில் அந்தச் சொல்லே வரக்கூடாது. அங்கே அந்த மனிதர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும். கேள்வியில் கொடுக்கும் மூன்று புள்ளிகளும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கின்றன.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. என் மாமா குடும்பம் என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டு மாடியில்தான் தங்கியது. அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். முதல் வரி: 'தேங்க் யூ ஸோ மச் ஃபார் லெட்டிங் மை அங்கிள்ஸ் ஃபேமிலி ஸ்டே வித் யூ ட்யூரிங் தி ஃப்ளட்.' நடுப் பத்தியில், கரண்ட் இல்லாத அந்த நேரத்தில் அத்தையின் இன்சுலின் கெடாமலிருக்க அவர் ஐஸ் தேடி அலைந்ததை எழுதினேன். அந்த ஒரு விவரத்துக்கே நாலு வாக்கியம் வந்தது. ரொம்ப என்பதற்கு வேறு வேறு ஆங்கிலச் சொல் தேடவே தேவைப்படவில்லை. கடைசியில், சீசன் வந்ததும் பண்ருட்டிப் பலாப்பழத்தோடு வருகிறேன் என்று சொல்லி முடித்தேன்.

தேர்வில் வேறு கேள்விதான் வந்தது. ஆனால் விவரம் தேடுகிற பழக்கம் கையோடு வந்துவிட்டது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உதவிய யாராவது ஒருவரை நினைத்துக்கொள்வேன், அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அவர் செய்ததில் மூன்று விவரம் பிடித்துவிட வேண்டும். குரூப் ஸ்டடி எனக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்தால் டீயும் அரட்டையும்தான் மிஞ்சும். உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள்.

அப்புறம், தொனி. ஜெனரல் தேர்வில் கடிதத்தின் தொனி ஆளுக்குப் பொருந்துகிறதா, கடைசிவரை மாறாமல் இருக்கிறதா என்று டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற மதிப்பெண் பிரிவில் பார்க்கிறார்கள். நண்பனுக்கு 'தேங்க்ஸ் எ லாட்'. தெரிந்த மேலதிகாரிக்கு 'ஐ ஆம் வெரி கிரேட்ஃபுல் டு யூ ஃபார்'. முகம் தெரியாத நிர்வாகத்துக்கு 'ஐ வுட் லைக் டு எக்ஸ்பிரஸ் மை கிராட்டிட்யூட் டு யுவர் ஸ்டாஃப் ஃபார்'. மேலதிகாரிக்குத் தொடங்கிவிட்டு 'தேங்க்ஸ் எ லாட்' என்று முடிக்காதீர்கள்.

இலக்கணம். வகுப்பில் சுற்றியிருந்தவர்கள் தாளில் அடிக்கடி பார்த்தவை மட்டும்:

- 'தேங்க் யூ டு ஹெல்ப் மீ' தவறு. 'தேங்க் யூ ஃபார் ஹெல்பிங் மீ'. ஃபார் வந்தால் வினைச்சொல் இங் வடிவில்தான்.
- கிரேட்ஃபுல் என்றால் ஆளுக்கு டு, செயலுக்கு ஃபார்.
- அப்ரிஷியேட்டுக்குப் பின்னால் ஃபார் கிடையாது. 'ஐ ரியலி அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்', அவ்வளவுதான்.
- 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்பது வேண்டுகோள். நடந்து முடிந்த உதவிக்கு அதைப் போட்டால் அர்த்தமே மாறிவிடும்.
- கிராட்டிட்யூட்டுக்குப் பன்மை கிடையாது.
- 'தேங்க்ஸ் டு யுவர் அட்வைஸ், ஐ காட் தி ஜாப்' என்பது காரணம் சொல்கிற அமைப்பு. இது நன்றி சொல்வதில் சேராது என்பதால், விளைவைச் சொல்லும் நடுப் பத்தியிலும் ஒரு முறை வைக்கலாம், நன்றாக உட்காரும்.
- 'தேங்க்ஸ் காட்' இல்லை, 'தேங்க் காட்'. நண்பனுக்கு மட்டும்.
- 'தேங்க் யூ இன் அட்வான்ஸ்' இனிமேல் செய்யப் போகிற காரியத்துக்கு. இந்தக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

'தேங்கிங் யூ' என்று தனி வரியில் எழுதி கீழே கையெழுத்துப் போடுவது நாம் லீவ் லெட்டர் காலத்திலிருந்து செய்வது. இங்கே அதை விட்டுவிடுங்கள். பழைய பாணி, முழு வாக்கியமும் ஆகாது. 'தேங்க் யூ வன்ஸ் அகெய்ன் ஃபார்' என்று தொடங்கி ஒரு முழு வாக்கியமாக முடியுங்கள். 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', குடும்பப் பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி', நண்பனுக்கு 'பெஸ்ட் விஷஸ்'. யுவர்ஸில் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது.

கம்ப்யூட்டர் தேர்வு எடுப்பவர்களுக்கு: சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்பெல் செக் இருக்காது. கிரேட்ஃபுல்லுக்கு ஜி-ஆர்-ஏ-டி-இ, ஜி-ஆர்-இ-ஏ-டி அல்ல. சின்சியர்லியில் எல்-க்கு முன்னால் ஒரு இ உண்டு.