செய்தி வரும் என்று வாக்குக் கொடுக்காமல் ஒரு பி.ஆர். நிறுவனம்

மக்கள் தொடர்புத் துறையில் இருக்கிறேன் என்று சொன்னால், தமிழ்நாட்டில் கேட்பவர் மனத்தில் இரண்டு பேர்தான் தோன்றுவார்கள். ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். மற்றவர் பிலிம் நியூஸ் ஆனந்தன் காலத்திலிருந்து திரையுலகில் நிலைபெற்றுவிட்ட பி.ஆர்.ஓ. நான் செய்துவந்த வேலை இரண்டிலும் சேராது. நிறுவனங்களிடம் மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவை பொதுவெளியில் எதை, எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று ஆலோசனை கூறி, அதற்கு வேண்டியதை எழுதியும் கொடுக்கும் ஏஜென்சி வேலை அது. சென்னையில் அப்படியொரு ஏஜென்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, உடன் பணியாற்றிய தோழியுடன் சேர்ந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கினேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இத்துறையில் சேருகிறவர் கைக்கு முதலில் வருவது கத்தரிக்கோல். காலை எட்டு மணிக்குள் தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன் தொடங்கி ஆங்கில நாளிதழ்கள் வரை புரட்டி, வாடிக்கையாளர் பெயரும் போட்டியாளர் பெயரும் வந்த இடங்களை வெட்டி ஒட்டி, பதிப்பு, தேதி, பக்க எண் குறித்து அனுப்பிவிட வேண்டும். பிறகு அடிக்கோலை வைத்துச் செய்தியை அளந்து, அத்தனை சென்டிமீட்டருக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பெருக்கி, அந்தத் தொகையை நாங்கள் ஈட்டித் தந்த மதிப்பாக மாத அறிக்கையில் காட்டுவோம். விளம்பர மதிப்பைக் கொண்டு மக்கள் தொடர்புப் பணியை எடைபோடக் கூடாது என்று 2010-இல் பார்சிலோனாவில் கூடிய இத்துறையின் பன்னாட்டு அளவீட்டு வல்லுநர்கள் தெளிவாகவே அறிவித்தார்கள். ஆனாலும் அந்தக் கட்டம் பல அறிக்கைகளில் இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு ரூபாயில் எழுதிய எண் என்றால் அத்தனை பிரியம். வெட்டி ஒட்டிய காலம் வீண் என்று சொல்ல மாட்டேன். எந்த நிருபர் எந்தத் துறையை எழுதுகிறார், சென்னைப் பதிப்பில் இடம் கிடைக்காத செய்தி மதுரைப் பதிப்பில் ஏன் மூன்று பத்தியாக வருகிறது என்பதையெல்லாம் வேறு எங்கும் கற்றிருக்க முடியாது.

தொழிலைப் பற்றிய என் பார்வை உறுதிப்பட்டது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. 1878 முதல் வெளிவரும் தி இந்து நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாத நிலை. அப்போது நான் கவனித்துக்கொண்டிருந்த வாகன நிறுவனம் ஒன்று, நிர்வாக இயக்குநரின் ஆழ்ந்த வருத்தத்தோடு தொடங்கும் ஒன்றரைப் பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் அனுப்பி, உடனே வெளியிடச் சொன்னது. அதன் கடைசிப் பத்தியில்தான் உருப்படியான ஒரு வரி இருந்தது: நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, செய்தால் இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் அதை உடைத்துவிடும். அந்த வரியை முதலில் வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, வண்டியைத் தள்ளியோ இழுத்தோ மட்டும் நகர்த்துவது, காப்பீட்டுக்காகப் படம் எடுத்துவைப்பது ஆகியவற்றை எளிய தமிழில் எட்டு வரிகளாக எழுதி, வருத்தத்தை இறுதிக்குத் தள்ளினேன். பண்பலை வானொலிகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் வாட்ஸ்அப்பில் போன அந்தக் குறிப்பை யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை; அவர்களே படித்தார்கள், நாளிதழ்கள் மீண்டும் அச்சேறியதும் அவையும் வெளியிட்டன. படிப்பவருக்குப் பயன்படும் செய்தி தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பயன்படாததற்கு இடம் பிடித்துத் தருவதாக ஏற்பவர், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். பிற்பாடு எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தம், கட்டணம், வாடிக்கையாளர் தேர்வு எல்லாமே இந்த எண்ணத்தை ஒட்டித்தான் அமைந்தன.

விலகும்போது பலரும் எச்சரித்தது பழைய பணி ஒப்பந்தத்தைப் பற்றி. வேலையை விட்ட பின் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வாடிக்கையாளரின் ரகசியத் தகவல்களைக் காக்கும் கடமை விலகிய பிறகும் தொடர்கிறது. பழைய வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாமலேயே தொடங்குவது என்று இருவரும் முடிவு செய்தோம். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, நாளைக்கு நம்மிடம் வேலை பார்ப்பவரும் அதையே செய்வாரே என்ற கணக்கும் அதில் இருந்தது.

பதிவு வேலைகள் கேள்விப்பட்ட அளவுக்குக் கடினமானவை அல்ல. தனி உரிமையாளர் நிறுவனமாகத் தொடங்குவது எளிது என்றாலும், கடன் வந்தால் வீட்டுச் சொத்து வரை பொறுப்பு நீளும். பிரைவேட் லிமிடெட் என்றால் முதலாண்டிலிருந்தே தணிக்கை கட்டாயம். எனவே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எல்.எல்.பி. ஆக, அதாவது கூட்டாளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்தோம். குறைந்தது இரண்டு கூட்டாளிகள் போதும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கைக் கட்டாயம் இல்லை. பதிவு முகவரிக்கு என் வீட்டு மின்கட்டண ரசீதும் வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் போதுமானதாக இருந்தன. கடிதத்தில் கையெழுத்திடுவதற்குள் அவர் கேட்ட கேள்விகளை எந்த அரசு அலுவலகத்திலும் கேட்கவில்லை. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் விற்றுமுதல் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரை வெண்டர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை என்பதால், தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

முதல் வாடிக்கையாளர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தின் உரிமையாளர். "நம்ம பேரு இங்கிலீஷ் பேப்பர்ல வரோணுமுங்க அம்மணி, சொந்தக்காரங்க எல்லாம் அதைத்தான் பாக்கறாங்க" என்றார். அவருடைய பம்ப்பை வாங்குபவர்கள் விவசாயிகள். எந்த பம்ப் வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்பவர்கள் ஊர் மெக்கானிக்குகள். இருவரும் காலையில் டீக்கடையில் படிப்பது தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) ஏன் எரிகிறது, கிணற்றின் ஆழத்துக்கு எத்தனை குதிரைத்திறன் போதும் என்பன போன்ற தகவல்களை அவருடைய சர்வீஸ் பொறியாளரிடம் கேட்டுக் கட்டுரைகளாக்கினோம். உறவினர்களுக்காக ஆங்கில நாளிதழுக்கும் ஒரு பேட்டிக்கு முயல்வதாகச் சொன்னோம். வரும் என்று சொல்லவில்லை. மாவட்டப் பக்கங்களைப் பார்த்துவிட்டு டீலர்கள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிய பிறகு, ஆங்கிலப் பேட்டியை அவரே மறந்துவிட்டார்.

அவருக்காக எழுதிய ஒப்பந்தம்தான், சில்லறைத் திருத்தங்களோடு, இன்றும் எங்கள் மாதிரி. மாதக் கட்டணம் எந்தெந்தப் பணிகளுக்கு, பத்திரிகையாளர் சந்திப்புக்கான அரங்கு, உணவு, பயணச் செலவுகள் யாருடையவை, அறிக்கையின் வரைவுக்கு ஒப்புதல் தர வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் என்பவற்றோடு, எண்ணிக்கையிலோ பக்கத்திலோ செய்தி வெளியீட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்ற வரியும், நிருபர்களுக்குப் பணமோ கவரோ எங்கள் வழியாகக் கொடுக்கப்படாது என்ற வரியும் அதில் உண்டு. இந்த இரண்டு வரிகளைப் படித்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், மாதம் பத்துச் செய்தி தருவதாகச் சொன்ன வேறொருவரிடம் போய்விட்டு, எங்கள் வரியைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவரைத் திணறடிப்பது பணம் வரும் காலம். ஒரு லட்ச ரூபாய் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,18,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் அனுப்புகிறோம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர், உள்ளீட்டு வரி வரவு (தொழிலுக்காக வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த ஜி.எஸ்.டி.) இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, அந்த 18,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், வாடிக்கையாளர் பணம் தந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர் மூன்று மாதம் கழித்துத் தரும்போது 10 சதவீத டி.டி.எஸ். (நம் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்துக்கொண்டு 1,08,000 ரூபாய் அனுப்புவார். பிடித்த 10,000 ரூபாயை ஆண்டுக் கணக்கில்தான் ஈடுகட்ட முடியும். ஆக, லாபத்தில் இருக்கும் நிறுவனமே சம்பள நாளில் கைமாற்று வாங்க வேண்டிவரும். பல மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைத்த பிறகே தோழி வேலையை விட்டார்; அது அவருடைய பிடிவாதம், நிறுவனத்தைக் காத்ததும் அதுதான்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள், இணையத்தில் இலவசம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்து, 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல் நடைமுறையாயிற்று. அதன் பிறகு எங்கள் இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடுகிறோம். முன்பெல்லாம் "சார் ஊரில் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவினர், மார்ச் மாதம் பிறந்தால் இப்போது அவர்களாகவே அழைத்து நிலுவைப் பட்டியல் கேட்கிறார்கள்.