அம்மாவின் இடது கண்ணுக்கு லென்ஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

அம்மாவுக்கு இடது கண்ணில் புரையை எடுத்து உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கும் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தி, கண்ணாடிச் சோதனையும் ஆகிவிட்டது. எங்கள் காவேரிப்பட்டணம் பக்கத்தில் இதே காரியமாக அலைகிற குடும்பங்கள் நிறைய. விசாரிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த லென்ஸ் வைத்தீர்கள், எவ்வளவு ஆனது? லென்ஸின் பவரைக் கணக்கிடக் கண்ணை எப்படி அளந்தார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் விஷயத்தில் பலனைத் தீர்மானித்தது அந்த அளவுதான்.

நான் ஓசூரில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் அளவைப் பார்த்தால் அதை நம்பலாமா, மறுபடி எடுக்கச் சொல்லலாமா என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு.

அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். மாசி பிறந்ததிலிருந்து சித்திரை வரை புளி வேலை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலை. வலது கண்ணில் பல வருஷத்துக்கு முன்பே ஒரு இலவச முகாமில் ஆபரேஷன் ஆகி, தூரப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. போன சீசனில் இடது கண் மங்கிப்போனதும் புளியில் ஓட்டுச் சில்லும் நாரும் தங்க ஆரம்பித்தன. மண்டிக்காரர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிய பிறகுதான், "கண்ணு ஒண்ணும் தெரியலப்பா" என்று அம்மா வாயைத் திறந்தார்.

முதலில் போன இடத்தில் கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்து, புரை முற்றிவிட்டது என்றார்கள். பிறகு ஆலோசகர் என்று ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து விலைப்பட்டியலைக் காட்டினார். தூரம், கிட்டம் இரண்டும் கண்ணாடி இல்லாமல் தெரியும் என்று மல்ட்டிஃபோக்கல் லென்ஸைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. விழித்திரை எப்படி இருக்கிறது என்ற பேச்சே எழவில்லை. அம்மா என்ன வேலை செய்கிறார் என்றும் கேட்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அளவுச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சீட்டின் நகலை நோயாளி கேட்டு வாங்கலாம்.

வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வலது கண்ணின் லென்ஸ் அட்டை இருந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். லென்ஸ் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை மருத்துவமனையில் ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பவர், வரிசை எண், மொத்த நீளம், ஏ எண் (பவர் கணக்குக்காக அந்த லென்ஸ் வகைக்குக் கொடுத்திருக்கும் எண்) எல்லாம் அதில் இருக்கும். அம்மாவின் வலது கண்ணில் 21.0 பவர். அந்தக் கண்ணுக்குத் தூரத்துக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை என்றால் அந்த 21 சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிய சீட்டில் இடது கண்ணின் முன்பின் நீளம் 22.4 மில்லிமீட்டர், கருவிழி வளைவு, அதாவது கருவிழியின் பவர், சராசரி 44.5. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1980-ல் சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூவர் கொடுத்த எஸ்ஆர்கே சூத்திரம் பென்சிலால் போடக்கூடியது. லென்ஸின் ஏ எண்ணிலிருந்து கண் நீளத்தின் 2.5 மடங்கையும் கருவிழிப் பவரின் 0.9 மடங்கையும் கழித்தால் தூரப் பார்வைக்கான லென்ஸ் பவர் வந்துவிடும். இன்றைக்கு மருத்துவமனைகளில் இதைவிடத் தேர்ந்த சூத்திரங்கள்தான் ஓடுகின்றன. சராசரி நீளமுள்ள கண்ணுக்குக் குறுக்குச் சோதனை செய்ய இது போதும். ஏ எண் 118.4 என்று வைத்தால் 22.35 வந்தது. வலது கண்ணுக்கு 21, இடது கண்ணுக்கு 22.35. பிறவியில் ஒரே மாதிரி இருந்த இரண்டு கண்களுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்? இரண்டு கண்ணின் நீளமும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மறுபடி அளக்க வேண்டும் என்பது அந்தத் துறையிலேயே உள்ள வழக்கம். வலது கண்ணை அங்கே அளக்கவே இல்லை.

கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடிப் பவரில் இரண்டரைக்கு மேல் அடிக்கும். எங்கள் தொழிலில் 1 மில்லிமீட்டர் என்பது யாரும் செய்யாத தவறு. கண் விஷயத்தில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரே கால் பவர். அதனால் அளக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாது, துல்லியமும் அதிகம். ஆனால் புரை நன்றாக முற்றியிருந்தால் அந்த ஒளி பல சமயம் ஊடுருவாது. அப்போது ஏ-ஸ்கேன் என்ற ஒலி அலைக் கருவிதான். கண்ணுக்குள் ஒலி வினாடிக்குச் சராசரி 1,550 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்து, எதிரொலி வரும் நேரத்தை நீளமாக மாற்றுகிறது. இதில் அளவு முனையை நேரடியாகக் கருவிழிமேல் வைத்தால், கை கொஞ்சம் அழுத்தினாலும் கண் அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். மைக்ரோமீட்டர் கருவியை, அளவுக்கு மேல் இறுகாமல் தடுக்கும் ராட்செட்டில் திருகாமல் கையால் இறுக்கி ரப்பர் வளையத்தை அளப்பது போலத்தான். முதல் இடத்தில் அம்மாவை அப்படித்தான் அளந்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இரண்டாவதாக கிருஷ்ணகிரியில் வேறு ஒரு கண் மருத்துவரிடம் போனோம். அங்கே அளந்த பெண்ணை மறக்க முடியாது. சொட்டு மருந்து எதுவும் விடும் முன்பே கருவிழி வளைவை எடுத்தார். அப்புறம் அம்மாவைப் படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமைகளுக்கு நடுவில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்றைப் பொருத்தி உப்பு நீரை நிரப்பினார். அளவு முனை அந்த நீருக்குள் மட்டும்தான் இருந்தது, கண்ணைத் தொடவே இல்லை. திரையில் கருவிழி, லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம், விழித்திரை என ஒவ்வொன்றின் எதிரொலிக்கும் ஒரு கோடு உயர்ந்து நின்றது. விழித்திரைக் கோடு செங்குத்தாக எழாத வாசிப்புகளை அவரே அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். வலது கண்ணையும், உள்ளே செயற்கை லென்ஸ் இருப்பதாகக் கருவியில் மாற்றி வைத்து அளந்தார். இடது கண் 22.9 வந்தது, வலது கண்ணும் அதை ஒட்டியே. கணக்கு 21.1-க்கு வந்து நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த அளவுகள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செயற்கை லென்ஸை முதன்முதலில் மனிதக் கண்ணுக்குள் வைத்தவர் லண்டனைச் சேர்ந்த ஹெரால்டு ரிட்லி. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போரில் விமான விதானம் நொறுங்கி அக்ரிலிக் சில்லுகள் கண்ணுக்குள் போன விமானிகளை அவர் பார்த்திருக்கிறார். அந்தச் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதிலிருந்துதான் அந்தப் பிளாஸ்டிக்கையே லென்ஸாக்கும் யோசனை வந்தது. ஆனால் இயற்கை லென்ஸின் வளைவை ஒட்டிச் செய்ததால் பவர் எக்கச்சக்கமாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, இயற்கை லென்ஸுக்கு அதைவிடக் குறைவு. முதல் நோயாளிகளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. யோசனையும் கைவேலையும் அவ்வளவு சிறப்பாக இருந்தும், எண் தவறியதால் வந்த விளைவு அது.

அம்மாவின் வலது கண்ணில் இருப்பதும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். மடங்காது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் போக அதே அளவுக்கு வெட்ட வேண்டும். இந்த வகை லென்ஸ் நம் ஊர் முகாம்கள் வரை வந்ததில் 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேபுக்குப் பெரிய பங்கு உண்டு. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது அவர்கள் இங்கேயே செய்து விலையை இறக்கினார்கள். முகாமில் வைத்த லென்ஸ் என்றால் மட்டம் என்று சொல்கிறவர்களிடம் நான் அம்மாவின் வலது கண்ணைத்தான் காட்டுவேன்.

இடது கண்ணுக்கு மடங்கக்கூடிய வேறு வகை அக்ரிலிக் லென்ஸ் என்று முடிவானது. சுருட்டி ஒரு குழாய் வழியாகத் தள்ளினால் உள்ளே போய் மெதுவாக விரியும், வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. டாக்டரம்மா, மாதிரிக்கு வைத்திருந்த லென்ஸ் ஒன்றைப் பெரிதாக்கும் கண்ணாடிக்கு அடியில் காட்டினார். நடுவில் 6 மில்லிமீட்டர் வட்டம், இரண்டு பக்கமும் வளைந்த கால்கள், முனைக்கு முனை சுமார் 13 மில்லிமீட்டர். என் பார்வை லென்ஸின் விளிம்புக்குத்தான் போனது. பின்பக்க விளிம்பு கூராக, சதுரமாக வெட்டியிருந்தது. எங்கள் பட்டறையில் கூர் விளிம்பு இருந்தால் பாகத்தை ஒதுக்கிவிடுவோம். இங்கே அதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, இயற்கை லென்ஸ் இருந்த மெல்லிய பையில் மிச்சமிருக்கும் செல்கள் லென்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துபோய் மறுபடி மங்கலாக்கும். கூரான விளிம்பு பையின் பின்சுவரில் அழுந்தி அவற்றுக்கு அணை கட்டுகிறது. அம்மாவின் வலது கண்ணில் அப்படி மங்கி, லேசர் அடித்துத்தான் சரிசெய்தார்கள். கூர் விளிம்பால் அந்த மங்கல் குறையும், முழுக்க நிற்காது. அதே விளிம்பில் பட்டு ஒளி சிதறக்கூடும் என்பதால் முன்பக்க விளிம்பை உருட்டியோ பக்கச் சுவரைச் சொரசொரப்பாக்கியோ விடுகிற வடிவமைப்புகளும் உண்டு என்றார். அவ்வளவு சின்ன விளிம்பில் இத்தனை யோசனையா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் அம்மாவிடம் கேட்ட கேள்வி: "பாட்டி, பகல் முழுக்க என்ன வேலை பண்ணுவீங்க?"

"புளி தட்டுவேன் கண்ணு. ராத்திரி கொஞ்ச நேரம் டிவி."

"பஸ் நம்பர் பார்க்கிறதெல்லாம்?"

"அது இந்தக் கண்ணுலயே தெரியுதே" என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அங்கேதான் முடிவு மாறியது. விழித்திரையில் சர்க்கரையின் ஆரம்பப் புள்ளிகள் இருப்பதால் மல்ட்டிஃபோக்கல் வேண்டாம் என்றார். அது ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. பழுதுள்ள விழித்திரைக்கு இருக்கிற ஒளியையும் பிரித்துக் கொடுத்தால் படத்தின் தெளிவு குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம். கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் அதிகமில்லை, அதனால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸும் தேவையில்லை. ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸே போதும், ஆனால் வலது கண் தூரத்தைப் பார்த்துக்கொள்வதால் இடது கண்ணை வேண்டுமென்றே மைனஸ் ஒன்றேகால் அளவில், அதாவது கொஞ்சம் கிட்டப்பார்வையாக விட்டால் கை வேலைக்கு உதவும் என்றார். இரண்டு கண்ணுக்கும் அந்த அளவு வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும், எல்லாருக்கும் அல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா சரி என்றார். ஒவ்வொரு லென்ஸ் பவருக்கும் பின்னால் மிஞ்சக்கூடிய கண்ணாடிப் பவர் சீட்டில் இருந்தது: 21.0-க்கு நேராகக் கிட்டத்தட்ட பூஜ்யம், 23.0-க்கு நேராக மைனஸ் 1.3. 23.0-ஐ வட்டமிட்டார். பழைய 22.4 அளவை நம்பி இதே முடிவை எடுத்திருந்தால் 24.5 போயிருக்கும். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் 2-ஐத் தாண்டியிருக்கும், அதைத் தாங்குவது கஷ்டம்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டு அடைப்புப் பார்ப்பது எல்லாம் வழக்கம்போல் நடந்தது. அம்மா நடந்து உள்ளே போனார், நடந்து வெளியே வந்தார். மறுநாள் கட்டைப் பிரித்ததும் என் சட்டையின் நீலத்தைப் பார்த்து, புதுசா என்று கேட்டார். பழைய சட்டைதான். புரை நீலத்தை விழுங்கிவிடும்.

அதன் பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்கு வேலை. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும், நம் கை கழுவியிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது. தலைக்கு ஊற்றவும், விறகடுப்புப் பக்கம் போகவும் விடாமல் அக்கா வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை.

கண்ணாடிச் சோதனையில் இடது கண் மைனஸ் 1.25 வந்தது. மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். புளிக்கு அது வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பழைய கறுப்புப் புளியும் புதுச் சிவப்புப் புளியும் கலந்த கூடையை அக்கா முன்னால் வைத்தபோது, கையால் தடவிப் பார்க்காமல் பிரித்துப் போட்டார். இரவு எதிரே வரும் வண்டி வெளிச்சம் கொஞ்சம் கூசுகிறது என்கிறார். அடுத்த பரிசோதனையில் அதைக் கேட்க வேண்டும்.

இடது கண்ணின் லென்ஸ் அட்டையும் இப்போது அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இரண்டையும் போட்டோ எடுத்து அக்காவின் போனிலும் என் போனிலும் வைத்திருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு இந்த மாதம் ஆபரேஷன். அவர் மகனிடம் அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு கண்ணையும் அளந்தார்களா என்றும் பார்க்கச் சொன்னேன்.