நெஞ்சிலா, புஜத்திலா, மணிக்கட்டிலா? இதயத் துடிப்பு மானி வாங்குமுன்

ஓடத் தொடங்கி மூன்று நிமிடம்தான் ஆகிறது. மூச்சு இரைக்கவில்லை, கூட ஓடுபவரோடு நிறுத்தாமல் பேச முடிகிறது. கையிலிருக்கும் வாட்ச் மட்டும் 172 காட்டுகிறது. இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து அங்கேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. இப்படிப்பட்ட நேரங்களில் அந்த 172 பெரும்பாலும் கால்களுக்குச் சொந்தமான எண். நிமிடத்துக்கு எத்தனை அடி தரையில் பட்டதோ அதை வாட்ச் நாடித் துடிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால் எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்குக் கீழே ரத்தம் கொஞ்சம் கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த அலையை எண்ணுவதுதான் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது அருமையாக நடக்கும். ஓடும்போது கை வீச்சில் வாட்ச்சும், தோலும், உள்ளே இருக்கும் ரத்தமும் சேர்ந்தே குலுங்குகின்றன. அந்தக் குலுக்கல் தரும் அலை இதயம் தரும் அலையைவிடப் பெரியது. வாட்ச்சுக்குள் இருக்கும் அசைவு உணரி குலுக்கலை அடையாளம் கண்டு கழித்துவிடப் பார்க்கும். ஆனால் ஓடுபவரின் அடிகள் நிமிடத்துக்கு 150 முதல் 180 வரை இருக்கும், இதயமும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் துடிக்கும். இரண்டு அலைகளும் அருகருகே வரும்போது எது எது என்று மென்பொருளுக்குத் தெரிவதில்லை.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. வாட்ச்சிலேயே நிமிட அடிக் கணக்கு இருக்கும். துடிப்பும் அதுவும் ஒரே எண்ணாக ஒட்டிக்கொண்டு போனால் விஷயம் இதுதான். நின்று, வாட்ச்சை ஒரு துளை இறுக்கி, பத்துப் பதினைந்து விநாடி கையை அசைக்காமல் வைத்திருங்கள். சரியான எண்ணுக்கு இறங்கிவிடும். நின்ற பிறகும் துடிப்பு இறங்காமல், விரலால் நாடியைத் தொட்டு எண்ணினாலும் அதே எண் வந்தால் கருவியின் மேல் பழி போடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மணிக்கட்டு எதற்குப் போதும்

நடைப்பயிற்சி, சீரான வேகத்தில் மெதுவான ஓட்டம், வீட்டுக்குள் நிலைச் சைக்கிள், தூக்கத்தில் துடிப்பு, காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு. இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் மணிக்கட்டு வாட்ச்சே போதும், கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஏமாற்றும் இடங்கள் வேறு. 30 விநாடி வேகமாக ஓடி 30 விநாடி நிற்கும் இன்டர்வெல் பயிற்சியில் வாட்ச் பின்தங்கிவிடும். நீங்கள் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் எண் ஏறத் தொடங்கும். டம்பெல், கெட்டில்பெல், துடுப்பு இயந்திரம், தண்டால் எல்லாவற்றிலும் கை இறுகப் பிடிக்கிறது அல்லது மணிக்கட்டு மடங்குகிறது. தசைநாண்கள் புடைத்து வாட்ச்சைத் தோலிலிருந்து தூக்கிவிடும், இடைவெளியில் வெளி ஒளி நுழைந்துவிடும். சாலையில் சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்பாரின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில் விடியற்காலைக் குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் முதல் கால் மணி நேரம் கண்டபடி எண்கள் வரலாம். சென்சார் இருக்கும் இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறைத்துவிடும். மறு கையில் கட்டுங்கள்.

கறுப்பு நிறத் தோலில் இந்த ஒளிக் கருவிகள் வேலை செய்யாது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல கருவிகளை வெவ்வேறு தோல் நிறத்தவர்மீது ஈசிஜியோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எந்தக் கருவி, ஓய்வா அசைவா என்பதைப் பொறுத்துத்தான் பிழை மாறியது. ஆகவே நிறத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். கையை உதறினால் வாட்ச் நகரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் வியர்வை தேங்கித் தோல் அரிக்கும்.

நெஞ்சுப் பட்டை

மார்பில் கட்டும் பட்டை ஒளியை நம்புவதில்லை. இதயம் சுருங்குமுன் எழும் மின்சாரத்தையே, ஈசிஜி எடுப்பதுபோல, தோலிலிருந்து பிடிக்கிறது. பின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிச்சறுக்கு வீரர்களுக்காகப் பிறந்த அந்த யோசனைதான் இன்றும் விளையாட்டு வீரர்களின் அளவுகோலாக நிற்கிறது. வேகம் கூடிய சில விநாடிகளிலேயே எண் கூடிவிடும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியை மில்லிவிநாடியில் தருவதால் துடிப்பு மாறுபாட்டை அளக்க நினைப்பவர்களுக்கும் இதுதான் ஏற்றது. இன்டர்வெல், எடைப் பயிற்சி, துடுப்பு, எண்ணை வைத்தே பயிற்சியை நடத்துவது என்று போகிறவர்கள் நேராக இதை வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

ஆனால் "பட்டை சரியில்லை" என்ற புகார்களில் பெரும்பங்கு கட்டும் முறையிலிருந்து வருகிறது. பட்டையின் உட்பக்கம் இடம், வலம் இரண்டிலும் ரப்பர் போன்ற வழவழப்பான பகுதி இருக்கும், அவைதான் மின்முனைகள். காய்ந்த தோலில் அவற்றுக்கு எதுவும் கேட்காது. கட்டுமுன் தண்ணீரால் நன்றாக நனைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தடவினால் போதாது. ஏசி ஜிம்மில் வியர்க்க நேரமாகும் என்பதால் அங்கே ஈசிஜி ஜெல் கொஞ்சம் தடவுவது நல்லது. தேங்காய் எண்ணெய், பவுடர், பாடி லோஷன் மூன்றும் மின்சாரத்தைத் தடுக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் அந்த இடத்தை மட்டுமாவது சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டுங்கள்.

பட்டை மார்புத் தசைக்கு நேர் கீழே, சென்சார் நடு நெஞ்செலும்பின்மேல், எழுத்து நேராகத் தெரியும்படி இருக்க வேண்டும். மூச்சை முழுதாக இழுக்கும்போது உறுத்தக் கூடாது, குதிக்கும்போது இறங்கக் கூடாது. பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டைக்கு உள்ளே, தோலை ஒட்டி வருமாறு போடலாம். பிராவின் இறுக்கமே பட்டையைப் பிடித்துக்கொள்ளும். தாலிச் செயினோ நீளமான சங்கிலியோ பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் முடி அடர்ந்திருந்தால் சென்சாரைப் பக்கவாட்டில், விலாப்புறமாகத் தள்ளிக் கட்டிப் பாருங்கள். பலருக்கு அங்கே சமிக்ஞை தெளிவாக வரும். நீண்ட ஓட்டத்தில் பட்டையின் விளிம்பு உரசிப் புண்ணாகும் இடத்தில் வாஸலின் தடவலாம், மின்முனை படும் இடத்தில் தடவக் கூடாது.

முதல் ஐந்து நிமிடம் 200க்கு மேல் தாறுமாறாகக் காட்டிப் பிறகு சரியாகிறதா? காய்ந்த மின்முனையும், தொளதொளவென்று படபடக்கும் பாலியெஸ்டர் சட்டை உண்டாக்கும் நிலைமின்சாரமும்தான் வழக்கமான காரணம். உடம்போடு ஒட்டிய சட்டை போடுங்கள், அல்லது பட்டைக்கு மேல் படும் துணியையும் நனைத்துவிடுங்கள். நடுநடுவே எண் விட்டுப்போனாலோ, அசையாமல் ஒரே எண்ணில் நின்றாலோ முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் துணிப் பட்டை தேய்ந்திருக்கும். தொடர்ந்து பயன்படுத்தினால் ஒன்றிரண்டு ஆண்டில் பட்டையின் ஆயுள் முடியும், சென்சாருக்கு அதைவிட ஆயுள் அதிகம். அதனால் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பட்டையும் சென்சாரும் பிரிக்க முடியாமல் ஒன்றாகத் தைத்த மாடல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புஜத்தில் கட்டுவது

இதைப் பற்றி நம் பக்கம் பேச்சே குறைவு, அது வருத்தமாக இருக்கிறது. போலார் வெரிட்டி சென்ஸ், ஸ்கோஷ் ரிதம் போன்றவை வாட்ச்சைப் போலவே ஒளியால் அளப்பவை, ஆனால் கட்டும் இடம் முழங்கைக்குச் சற்றுக் கீழே அல்லது புஜம். அங்கே எலும்பும் தசைநாணும் குறைவு, சதை அதிகம், வீச்சும் குறைவு. இதனால் மணிக்கட்டில் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் வருவதில்லை. நெஞ்சில் இறுக்கம் பிடிக்காதவர்கள், பட்டை உரசிப் புண்ணாகிறவர்கள், மற்றவர்கள் முன்னால் சட்டைக்குள் கைவிட்டுச் சரிசெய்யச் சங்கடப்படுகிறவர்கள் யாராயினும் தயங்காமல் இதற்குப் போகலாம். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் நெஞ்சுப் பட்டைக்கு மிக அருகில் வரும். பைசெப்ஸ் சுருளும் எடைப் பயிற்சியில் மட்டும் தசை புடைத்து எண் தடுமாறலாம். சென்சாரைப் புஜத்தின் வெளிப்பக்கமாகத் திருப்பினால் குறையும். இவற்றைச் சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். 

எதோடு பேசும்

கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உங்கள் போன், வாட்ச், ட்ரெட்மில்லோடு பேசாவிட்டால் பயனில்லை. இன்று பெரும்பாலானவை ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் கொண்டவை. ஆன்ட் பிளஸ் என்பது விளையாட்டுக் கருவிகளுக்கான கம்பியில்லா இணைப்பு முறை, வானொலிபோல. எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஐபோனுக்கு அது கேட்காது. ப்ளூடூத் பல கருவிகளில் ஒரே ஒரு இணைப்புத்தான். போலாரின் எச்10 நெஞ்சுப் பட்டை இரண்டுவரை தாங்கும். இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. புதுப் பட்டை வந்ததும் ஹெட்போனைப்போல போனின் ப்ளூடூத் செட்டிங்கில் போய் இணைக்கிறார்கள். போன் இணைப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, பிறகு வாட்ச்சோ சைக்கிள் கணினியோ தேடினால் பட்டை கண்ணில் படுவதில்லை. பயிற்சிச் செயலிக்குள்ளிருந்து மட்டும் இணையுங்கள். ஏற்கெனவே இணைத்திருந்தால் செட்டிங்கில் அதை நீக்கிவிடுங்கள்.

ஜிம்மில் பழைய ட்ரெட்மில் இருந்தால் அது 5 கிலோஹெர்ட்ஸ் என்ற பழைய அலைவரிசையை மட்டுமே கேட்கக்கூடும். போலார் எச்9, எச்10 அதை அனுப்பும், மலிவான பட்டைகளில் பல அனுப்பாது. நீச்சல் அடிப்பவர்களுக்கும் அலைவரிசை முக்கியம். ப்ளூடூத்தும் ஆன்ட் பிளஸும் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. ஆகவே நீச்சலுக்குத் தன் நினைவகத்திலேயே பதிவுசெய்து கரையேறியதும் அனுப்பும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். குளத்தின் சுவரை உதைத்துத் திரும்பும்போது நெஞ்சுப் பட்டை நழுவும் என்பதால் மேலாடை இல்லாமல் நீந்தும் ஆண்களுக்கு இங்கே புஜப் பட்டையோ நீச்சல் கண்ணாடி வாரில் மாட்டும் சென்சாரோ நடைமுறைக்கு ஏற்றது.

வாங்கிய வாரத்திலேயே சோதனை

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நடை என்று ஐந்து முறை. வேகத்தில் எண் ஏறி, நடையில் இறங்கி, வரைபடத்தில் ஐந்து மலைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். சமவெளியாக வந்தால் கருவி தொடர முடியாமல் திணறுகிறது. முடித்த உடனே மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு துடிப்பு தவறினாலே நான்கு மாறும், அதனால் நான்கைந்து வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். இருபது, முப்பது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

எண் சரியாக வந்தாலும் அது எந்த மண்டலம், அதாவது லேசான பயிற்சியா கடுமையான பயிற்சியா என்று சொல்லும் கணக்கு தவறாக இருக்கலாம். பல கருவிகள் உச்சத் துடிப்பை 220லிருந்து வயதைக் கழித்துத்தான் முடிவு செய்கின்றன. 60 வயதுக்காரருக்கு அது 160. 2001இல் வந்த, தனாகா என்ற ஆய்வாளரின் சூத்திரம், 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, அவருக்கே 166 தரும். இரண்டுமே கூட்டத்துக்கான சராசரிகள். தனி மனிதருக்குப் பத்து, அதற்கு மேலும்கூட முன்பின் ஆகும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தாது, ஏனென்றால் அந்த மருந்து துடிப்பை வழக்கமான அளவுக்கு ஏற விடாது. எண்ணை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவது அவர்களுக்கு ஆபத்து. வரம்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செயலியில் கையால் பதியுங்கள். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ திரையில் 110 இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்தில் ஓடினாலும் நேரம் போகப் போகத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அது கருவியின் பிழை கிடையாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீரும் குறைகிறது, இதயம் அதை ஈடுகட்டுகிறது.

பராமரிப்பைப் பொறுத்தவரை பட்டையைக் கழற்றியதும் சென்சாரைப் பிரஸ் பட்டனிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஈரப் பட்டையோடு மாட்டியே வைத்தால் யாரோ அணிந்திருக்கிறார்கள் என்று நினைத்து அது இரவெல்லாம் இயங்கிப் பேட்டரியைத் தின்றுவிடும். பட்டையை ஒவ்வொரு முறையும் ஓடும் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள், வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு. துணி மென்மையாக்கும் திரவம் மின்முனையில் படலமாகப் படிந்துவிடும், தவிர்த்துவிடுங்கள். எச்10க்கு சிஆர்2025, வஹூ டிக்கர், கார்மின் எச்ஆர்எம் டூயல் பட்டைகளுக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி. தடிமன் வேறு என்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடாதீர்கள். மூடியை மூடுமுன் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் வியர்வை உள்ளே புகுந்து சில வாரங்களில் சென்சாரே போய்விடும்.