ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

போன மாதம் அக்கா குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும், மதியம் ஒன்றரை மணி வெயிலில், பின்பக்க டயர் வெடித்தது. மாமா பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெதுவாக ஓரம் கட்டியதால் தப்பித்தோம். லாரிகள் உரசுகிற மாதிரி போகும் அந்த ஓரத்தில் குழந்தைகளை இறக்கிவிட்டு, டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியை எடுத்து மாட்டி ஜாக்கியை இறக்கினால், அது அப்படியே ரிம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. காற்றே இல்லை.

"மாமா, இதுல எப்போ காத்து பாத்தீங்க?"

"வண்டி வாங்கினதுல இருந்து வெளியவே எடுக்கலடா."

ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் சீட் கவர் இரண்டு முறை மாறியிருக்கிறது, வாராவாரம் கழுவித் துடைக்கிறார், ஆயுத பூஜைக்கு மாலை போடாமல் இருந்ததே இல்லை. ஆனால் டயர் பக்கம் குனிந்து பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

பஞ்சர் கடைக்காரர் மற்ற மூன்று டயர்களிலும் கேஜ் வைத்துக் காற்றழுத்தம் பார்த்தார். எல்லாம் 22, 23 பி.எஸ்.ஐ. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. வெயில் காலம், காற்று சூடாகி வெடித்துவிடும் என்று மாமாவே குறைத்து வைக்கச் சொன்னாராம். இந்த நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, சூடு அதில்தான் ஏறுகிறது. நூறு கிலோமீட்டர் வேகம், ஐந்து பேர், லக்கேஜ் எல்லாம் சேரும்போது ரப்பர் தாங்காது. வெயிலில் கூடுகிற அழுத்தத்தைக் கணக்கில் வைத்துத்தான் அந்த 33ஐயே போட்டிருக்கிறார்கள். ஆனால் அது வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். வெடித்த டயரில் 2319, அதாவது 2019-இன் 23ஆவது வாரம் தயாரித்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் மேடுகள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்துபோகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அடுத்த முறை காற்று அடிக்கும்போது ஐந்தாவதையும் அடிக்கச் சொல்லுங்கள். டிக்கி நிறைய சாமான் இருந்தாலும் பரவாயில்லை, இறக்கி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.