முள் இல்லாத பக்கிள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ திட்டத்தின் இணையப் பதிவேட்டை, சில மாதங்களாக இரவுகளில் பார்த்துவருகிறேன். தங்கக் காசுகளைத் தேடிப் போன நான், இடைக்காலத்துப் பெல்ட் பக்கிள்களிடம் நின்றுவிட்டேன்.

பெரும்பாலும் உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தவர்கள் கண்டெடுத்தவை அவை. களிம்பேறிய அரைவட்டச் சட்டம் இருக்கும். வாரின் துளையில் நுழையும் முள் பலவற்றில் இருக்காது. இரும்பு முள்ளாக இருந்திருந்தால், அது துருவாகி மண்ணோடு போயிருக்கும். பதிவில் வெண்கலம் என்றோ பித்தளை என்றோ எழுதாமல் ‘செப்புக் கலவை’ என்றே குறிக்கிறார்கள். தகரம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை; ஆனால் பழைய உலோகத்தை மீண்டும் மீண்டும் உருக்கி வார்த்த அக்காலத்துப் பொருளில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கைவினைஞர்களும் அவர்களை ஒத்த நிலையில் இருந்தவர்களும் பொன், வெள்ளி பதித்த இடைவார்களை அணியக் கூடாது என்று இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டின் ஆடைச் சட்டம் விதித்தது. சில செப்புக் கலவைப் பக்கிள்களில் பொன்முலாமின் மிச்சம் தெரியும்போது எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் எடையில் குறைந்தது 10 சதவீதம் பொன்னோ வெள்ளியோ இருந்தால், கண்டெடுத்தவர் 14 நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். தனியாகக் கிடைக்கும் செப்புக் கலவைப் பக்கிளுக்குப் பொதுவாக இந்தக் கட்டாயம் இல்லை. விற்றாலும் பெரும் பணம் வராத அதைப் பதிவு செய்ய எடுத்துச் சென்று, எந்த வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் சொல்பவர் தம் விருப்பத்தால் மட்டுமே அவ்வாறு செய்கிறார். ஏர் புரட்டிய மண்ணில் அடுக்குகள் கலைந்துவிட்டாலும் இடம் அவ்வளவாக மாறுவதில்லை; ஒரே வயலில் இத்தகைய பொருள்கள் பல சேரும்போது, அங்கே ஒரு சந்தையோ அழிந்த ஊரோ இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. அதனால்தான், பளபளவென்று தேய்த்துத் துலக்கி இடம் குறிக்காமல் விட்ட பக்கிளைவிட, களிம்போடும் இடக்குறிப்போடும் வரும் உடைந்த துண்டே மேல் என்பேன்.

துல்லியமான இடத்தை மட்டும் என்னைப் போன்றவர்களுக்குக் காட்டுவதில்லை. நிலவரைபடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சதுரம்தான் தெரியும். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்ட வருபவர்களை எண்ணி அப்படிச் செய்கிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.