பத்து ஓம் ரெசிஸ்டர்

கோவையில் ஒரு சிறிய ட்ரோன் பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில், தரையிலிருந்து உயரத்தை அளக்கும் சென்சார்களைப் பொருத்தும் வேலை பெரும்பாலும் என் மேசைக்கே வந்து சேரும். முதலில் கையாண்டது மேக்ஸ்பாட்டிக்ஸ் எம்பி1240 என்ற மீயொலி சென்சார். மேசை விளிம்பில் வைத்து டேப்பால் அளந்தபோது ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாத அந்தச் சென்சார், மோட்டார்கள் சுழலத் தொடங்கியதும் அறுபது என்றும் நூற்றெண்பது என்றும் மாறி மாறிக் காட்டியது. காற்றிரைச்சல்தான் காரணமோ என்று புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எண்கள் நிலைகொள்ளவில்லை. சுமையே இல்லாத மோட்டாருக்கே இந்தக் கூத்து என்றால், கோளாறு மின்சாரப் பாதையில்தான் இருந்தாக வேண்டும்.

ஐந்து வோல்ட்டில் இயங்கும்போது தூரத்தை மின்னழுத்தமாகத் தெரிவிக்கும் இந்தச் சென்சாரின் அனலாக் வெளியீடு ஒரு சென்டிமீட்டருக்கு 4.9 மில்லிவோல்ட் மட்டுமே. அந்தக் கம்பியில் 50 மில்லிவோல்ட் மின் இரைச்சல் ஏறினாலே, ட்ரோன் தன் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் தவறாகக் கணக்கிட்டு அதைச் சரிசெய்யவும் முனைந்துவிடும். நானோ, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று, சென்சார் ஒயரை மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஒயர்களோடு ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன். "ஏம்ப்பா, இந்த ரெண்டையும் ஒண்ணா கட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று பட்டறையில் மூத்தவரான அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒயரைப் பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோய், மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டு உள்ள கேபிளாக மாற்றி, அந்த ஷீல்டை ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் முனையில் மட்டும் கிரவுண்டில், அதாவது மின்சாரம் திரும்பும் பொதுக் கம்பியில், சேர்த்தேன். இரண்டு முனைகளிலும் சேர்த்தால், திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு ஷீல்டு வழியாகவே ஓடத் தொடங்கிவிடும். பிறகு ட்ரோனை இயக்கும் மென்பொருளான ஆர்டுபைலட்டின் வழிகாட்டியில் சொல்லியிருந்தபடி, மின்சாரம் வரும் கம்பியில் 10 ஓம் ரெசிஸ்டரையும், அதற்கு அடுத்து சென்சார் பக்கத்தில் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் பற்றவைத்தேன். இந்த இணைப்பு ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலைத் தணித்துவிடும். சென்சார் இழுப்பது சராசரியாக 3.4 மில்லியாம்பியர்தான் என்பதால், ரெசிஸ்டரில் இழக்கும் மின்னழுத்தமும் சராசரியாக 34 மில்லிவோல்ட்தான். அன்று மாலைக்குள் எண்கள் அடங்கிவிட்டன.

அந்த வெற்றிதான் என்னைக் கவிழ்த்தது. சில மாதங்கள் கழித்து லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கார்மின் லைடார்-லைட் வி3 சென்சாரைப் பொருத்த வந்தபோது, கை பழகிவிட்ட அதே பத்து ஓமை யோசிக்காமல் அதிலும் வைத்துவிட்டேன். சென்சார் சில நேரம் உயிர் பெற்றது, சில நேரம் செத்துக் கிடந்தது. சென்சாரே பழுதென்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். மனம் ஒப்பாமல் மறுநாள் எடுத்து, இயங்கும் நிலையிலேயே மல்டிமீட்டரை வைத்தபோது சென்சார் முனையில் இருந்தது 3.7 வோல்ட். அது அளக்கும்போது இழுப்பது 135 மில்லியாம்பியர். பத்து ஓமில் அதுவே 1.35 வோல்ட்டை விழுங்கிவிடும். குறைந்தபட்சம் 4.5 வோல்ட் வேண்டிய கருவியை நானேதான் பட்டினி போட்டிருக்கிறேன்.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அந்தச் சென்சாருக்கென்றே தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் 680 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரை ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சென்சாரை ஒட்டி வைத்தேன். உடலில் பட்டை போட்ட பக்கம் கிரவுண்டுக்குப் போக வேண்டும். மாற்றி வைத்தால் வெடிக்கவும் கூடும் என்பதால், பற்றவைப்பதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அவர் பட்டையைப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பத்து ஓம் ரெசிஸ்டரை ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.