ரீபை டோர்னமென்ட்ல முதல் 80 நிமிஷம்: 12 செவ்வாய்க்கிழமை ஆடிப் பார்த்ததுல புரிஞ்சது

பர்மிங்ஹாம் வந்ததுல இருந்து செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு கேசினோல நடக்கற சின்ன போக்கர் டோர்னமென்ட்டுக்கு போயிட்டு இருக்கேன். என்ட்ரி 10 பவுண்ட், கேசினோ ஃபீஸ் 2 பவுண்ட், கைல 3000 சிப்ஸ். முதல் 4 லெவல், லெவலுக்கு 20 நிமிஷம், அதுக்குள்ள சிப்ஸ் 3000ஓ அதுக்குக் கீழயோ இருந்தா இன்னொரு 10 பவுண்ட் குடுத்து 3000 வாங்கிக்கலாம் (இதுதான் ரீபை), எத்தனை தடவ வேணும்னாலும். பிரேக்ல ஒரே ஒரு ஆட்-ஆன், அதே 10 பவுண்டுக்கு 5000. வழக்கமா 35 பேர் வருவாங்க, 7 பேருக்கு காசு.

முதல் 4 வாரம் மொத்தம் 318 பவுண்ட் போச்சு, திரும்ப ஒரு பைசா வரல. 92 பவுண்ட் போன ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்ல ஒவ்வொரு ரீபையும் எந்தக் கைக்காக (அதாவது எந்தக் கார்டுகளுக்காக) போச்சுன்னு எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல பிளஃப், அதாவது நல்ல கை இல்லாமயே இருக்கற மாதிரி பெட் போட்டது. ஃப்ளாப் (டேபிள்ல எல்லாருக்கும் பொதுவா திறக்கற முதல் மூணு கார்டு) கிங்-9-4, என்கிட்ட ஒண்ணுமே இல்ல, மூணு தடவ பெட் போட்டேன், எதிர்ல இருந்தவர் 9-8 (அதாவது ஒரு 9 ஜோடி) வச்சுக்கிட்டு மூணு தடவையும் கால் பண்ணார், நான் போட்ட அளவே அவரும் போட்டார். ஏன்னு கேட்டா "இன்னும் ரீபை இருக்குல்ல"ன்னாரு. அந்த ஒரு பதில்ல எல்லாம் இருக்கு. முதல் 80 நிமிஷத்துல யாரும் ஃபோல்டு பண்ண மாட்டாங்க (கார்டை விட்டுட்டு விலக மாட்டாங்க), ஃபோல்டு பண்ணாதவங்ககிட்ட பிளஃப் பண்ணா அது காசை எடுத்துக் குடுக்கறதுதான். அதுக்கப்புறம் பிரேக் வரைக்கும் பிளஃப் பண்றதையே விட்டுட்டேன். நல்ல கை வந்தா மட்டும் பெருசா போடறது. மத்த டோர்னமென்ட்ல பிக் பிளைண்ட்டுக்கு (கார்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடற பந்தயத்துல பெருசு) மூணு மடங்கு ஏத்தி ரெய்ஸ் போட்டா போதும், இங்க ஆறு மடங்கு போட்டாலும் மூணு பேர் வராங்க, அப்ப ஏஸ்-கிங் வச்சுக்கிட்டு எதுக்கு கம்மியா கேக்கணும்.

அஞ்சாவது வாரத்துல இருந்து பட்ஜெட்டும் மாத்திட்டேன். உட்கார்ந்த உடனே, முதல் கை போடறதுக்கு முன்னாடியே ஒரு ரீபை. பஸ்ட் ஆனா (சிப்ஸ் எல்லாம் போச்சுன்னா) இன்னும் ஒண்ணு, கடைசியா ஆட்-ஆன். அதிகபட்சம் 42 பவுண்ட், அதுக்கு மேல எந்த காரணத்துக்கும் கிடையாது.

முதல் நிமிஷத்துல ஏன் வாங்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா புரியல, தோத்தா வாங்கிக்கலாமேன்னுதான் இருந்தேன். கணக்கு இதான்: முதல் லெவல் பிளைண்ட் 25-50, 3000 சிப்ஸ்னா 60 பிக் பிளைண்ட். நாலாவது லெவல் 100-200, அதே 10 பவுண்டுக்கு அதே 3000 வெறும் 15 பிக் பிளைண்ட். குடுக்கற காசு ஒண்ணுதான் ஆனா அதை வச்சு ஆட முடியற ஆட்டம் வேற. இன்னொண்ணு, டேபிள்ல ஒருத்தர் கண்ணை மூடிட்டு ஆல்-இன் (இருக்கற எல்லா சிப்ஸையும்) போட்டு எப்படியோ 12000 சேர்த்து வச்சிருக்கார்னு வைங்க, என்கிட்ட 3000 இருந்தா அவர்கிட்ட இருந்து 3000தான் எடுக்க முடியும், 6000 இருந்தா 6000. தப்பு பண்றவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது கைல கொஞ்சமா வச்சிருக்கறது நஷ்டம்.

சின்ன ஜோடிக்கும் இதே கதைதான். 5-5 வச்சிருந்தா ஃப்ளாப்ல மூணாவது 5 விழறது எட்டரை தடவைக்கு ஒரு தடவதான். சும்மா 50, 100 குடுத்து உள்ள போயி விழுந்தா 6000 கிடைக்கும்னா தாராளமா போலாம். நாலாவது லெவல்ல 15 பிக் பிளைண்ட் வச்சுக்கிட்டு அதே வேலைய பண்ணா ஸ்டாக் (கைல இருக்கற மொத்த சிப்ஸ்) கரைஞ்சிடும்.

ஏழாவது வாரம் நடந்ததை விரிவா சொல்றேன். சீட் குலுக்கல்ல எனக்கு வலது பக்கம் ஒருத்தர், கார்டையே பாக்காம ஆல்-இன் போடறவர். அவர் நமக்கு முன்னாடி போடணும், நாம பின்னாடி முடிவெடுக்கணும், அதனால அவருக்கு இடது பக்கம் சீட் கிடைச்சா அதிர்ஷ்டம். அவர் 3000 ஆல்-இன், என்கிட்ட 10-10, நான் சும்மா கால் பண்ணாம என்னோட 6000த்தையும் தள்ளிட்டேன், மத்தவங்க விலகணும்னு. விலகிட்டாங்க. அவர் குயின்-4 காட்டினார், குயின் விழுந்துச்சு. ஏதோ ஒரு ரெண்டு கார்டுக்கு எதிரா 10-10 நூத்துக்கு 75 தடவ ஜெயிக்கும், இது அந்த 25. என் ஸ்டாக் சரியா 3000க்கு வந்துச்சு, ரூல்படி வாங்கலாம், உடனே வாங்கிட்டேன், பஸ்ட் ஆகற வரைக்கும் காத்திருக்கல. இருபது நிமிஷத்துல ஏஸ்-ஜாக் வந்துச்சு, அவர் மறுபடியும் பாக்காம ஆல்-இன், இந்தத் தடவ நான் ஜெயிச்சு என் ஸ்டாக் 12000 ஆச்சு. அன்னிக்குதான் ரெண்டாவது இடம், 260 பவுண்ட்.

அதுக்காக ரீபை இருக்குன்னு எல்லாத்தையும் தள்ளலாம்னு அர்த்தம் இல்ல. ஏஸ் ஜோடியே நாலு பேர் கால் பண்ணா கிட்டத்தட்ட 56 சதவீதம்தான் ஜெயிக்கும். ஆனா நாம போட்டதுக்கு அஞ்சு மடங்கு பாட்டுக்கு (pot, நடுவுல சேர்ற மொத்த சிப்ஸ்) 56 சதவீதம்னா அதைவிட நல்ல விலை போக்கர்ல கிடைக்காது, நாலு பேர் வந்துட்டாங்களேன்னு பயப்படவே கூடாது. 9-6க்கு அந்த மாதிரி விலை கிடையாது. இழக்கறது டோர்னமென்ட் இல்லன்னாலும் 10 பவுண்ட் 10 பவுண்டுதான்.

ஆட்-ஆன் நான் எப்பவுமே வாங்கறேன். 3000க்கு குடுத்த காசுல 5000 வருது, அஞ்சாவது லெவல் 150-300ல அது 16 பிக் பிளைண்ட்டுக்கு மேல. கைல 30000 இருந்தா யோசிக்கலாம், அந்த நிலைமை எனக்கு இன்னும் வரல.

பக்கத்து சீட்காரர் ஒருநாள் கேட்டார், பணம் உள்ளவன் வாங்கிட்டே இருந்தா ஜெயிச்சிட மாட்டானான்னு. அந்தப் பேச்சு உலக அளவுல இருந்ததுதான். 2006 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல (போக்கரோட பெரிய உலகப் போட்டி) 1000 டாலர் ரீபை ஈவென்ட்ல பிரபல ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு 40 தடவைக்கு மேல வாங்கினார், 2009ல அங்க ரீபை ஈவென்ட்டையே எடுத்துட்டாங்க. எங்க டேபிள்ல நான் பாத்த வரைக்கும் எட்டு தடவ வாங்கினவங்க காசோட போனது அபூர்வம். அவங்க வாங்கின சிப்ஸ் எல்லாம் பிரேக்குக்குள்ள மத்தவங்க ஸ்டாக்ல இருக்கும்.

கணக்கு: கடைசி 8 வாரத்துல 5 ராத்திரி 32 பவுண்ட், 3 ராத்திரி 42, மொத்தம் 286. வந்தது 50, 90, 260, ஆக 400. முதல் நாலு வாரத்தையும் சேத்தா இன்னும் 204 பவுண்ட் கீழதான் இருக்கேன், 8 ராத்திரிங்கறது ரொம்ப சின்ன கணக்கு, அதனால பட்ஜெட்டை ஏத்தப் போறதில்ல.

இப்ப மாட்டிக்கற இடம் பிரேக்குக்கு அப்புறம். 80 நிமிஷமா எல்லாத்துக்கும் கால் பண்ணவங்க ரீபை முடிஞ்ச உடனே ஏஸ்-டென்னைக்கூட ஃபோல்டு பண்றாங்க, பிளைண்ட்டை திருட (ரெய்ஸ் போட்டு எல்லாரையும் விலக வச்சு அதை எடுக்க) நல்ல நேரம், நான் மட்டும் பழைய மாதிரி நல்ல கைக்கு காத்துட்டு இருக்கேன். போன செவ்வாய் அஞ்சாவது லெவல்ல பட்டன்ல (பிளைண்ட் போடற ரெண்டு பேருக்கு முன்னாடி உள்ள சீட்) மூணு தடவ எல்லாரும் ஃபோல்டாகி என்கிட்ட வந்துச்சு, மூணு தடவையும் நானும் ஃபோல்டு. எடுக்காம விட்ட பிளைண்ட் 450, 450, 450ன்னு நோட்ல எழுதி வச்சிருக்கேன். அடுத்த வாரம் அங்க ரெய்ஸ் போட்டுப் பாக்கறேன்.